பத்து ரூபாய் சாமானுக்குப் பெட்டியையே தூக்கிப் போடறீங்களே!

போன வாரம் தியாகராய நகர் போயிருந்தேன். பேத்திக்கு முதல் பொறந்தநாள். திண்டிவனத்துல ரயில் ஏறி, தாம்பரத்துல மின்சார ரயில் மாறி, மாம்பலத்துல இறங்கினேன். கையில ஒரு மஞ்சப் பை. அதுல ரெண்டு படி வறுத்த மல்லாட்டை (உங்க ஊர்ல வேர்க்கடலைன்னு சொல்லுவீங்க), ஒரு பாட்டில் நெய், அதோட செத்துப்போன டிடிஹெச் பெட்டி ஒண்ணு.

மல்லாட்டையையும் நெய்யையும் பாத்து சந்தோஷப்பட்ட பொண்ணு, பெட்டியைப் பாத்ததும் "ஏம்ப்பா, இதைப் போயி ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்தீங்களா?"ன்னு தலையில அடிச்சிக்கிச்சு. மாப்பிள்ளை மரியாதையான புள்ள. "மாமா, அதைத் தூக்கிப் போடுங்க. நான் புதுசு ஒண்ணு போட்டுத் தரேன்"னாரு.

அந்தத் "தூக்கிப் போடுங்க"ங்கற வார்த்தையைப் பத்திதான் இன்னைக்கு எழுதப் போறேன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். பட்டணத்துல இருக்கறவங்க கோவிச்சிக்காம படிங்க.

முதல்ல பெட்டிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரி டிவியைப் போட்டா, படம் வரல. பெட்டியில சிவப்பு லைட்டு முழுசா எரியாம மினுக் மினுக்குன்னுது. காதை வச்சிக் கேட்டா உள்ள பல்லி கத்தற மாதிரி 'டிக்... டிக்...'னு சத்தம். கம்பெனிக்குப் போன் போட்டோம். "வாரண்டி முடிஞ்சிருச்சி சார், புதுப் பெட்டிக்கு மாறிக்குங்க, 1,600 ரூபா ஆகும்"னாங்க. என்ன கெட்டுப் போச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. எங்க ஊர்ல அது ஒரு ஆளோட மூணு நாலு நாள் கூலிங்க.

எனக்கு மனசு ஒப்பல. பத்தாவது முடிச்ச கையோட செஞ்சியில ஒரு ரேடியோ கடையில ரெண்டு வருஷம் எடுபிடியா இருந்தவன் நான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாக்க தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்த காலம் அது. அன்னைக்கு டிவி ரிப்பேர் ஆச்சுன்னா எங்க முதலாளி பொட்டியைத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல போவாரு. படம் திரும்பி வந்ததும் மொத்தத் தெருவும் கை தட்டும். யாரும் அவர்கிட்ட "இதைத் தூக்கிப் போடுங்க"ன்னு சொன்னதில்ல.

அவர் சொல்லிக் குடுத்த வரிசைப்படியே பாத்தேன். முதல்ல அதே பிளக்குல செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாத்தேன், கரண்ட் இருந்துது. ரெண்டாவது, பெட்டிக்குப் பின்னாடி டிஷ்லேர்ந்து வர்ற கேபிளைக் கழட்டினேன். இதை நிறைய பேரு செய்யறதில்ல. டிஷ் தலையில இருக்கிற எல்.என்.பி.க்கு 13 இல்லேன்னா 18 வோல்ட் கரண்ட் இந்தப் பெட்டியிலேர்ந்து கேபிள் வழியாத்தான் மேல போகுது. மழைத் தண்ணி எறங்கி கேபிள் ஷார்ட் ஆச்சுன்னா பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கும். கேபிளைக் கழட்டினதும் லைட்டு ஒழுங்கா வந்துட்டா பெட்டி மேல குத்தமில்ல, கேபிள் மேலதான். எனக்கு அப்பவும் மினுக் மினுக்குதான்.

மூணாவது, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டு ரொம்ப நேரம் விட்டு மூடியைக் கழட்டினேன். இங்க ஒரு எச்சரிக்கை. உள்ள ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கும், 400 வோல்ட்டுன்னு போட்டிருக்கும். 230 வோல்ட்டை நேர்க் கரண்ட்டா மாத்தும்போது அது கிட்டத்தட்ட 325 வோல்ட்டா அதுல நிக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் சில சமயம் அப்படியே நிக்கும். பழக்கமில்லாதவங்க கைய வைக்கக் கூடாது. வேடிக்கை பாருங்க, அது போதும்.

பவர் சப்ளை எப்படி வேலை செய்யுதுன்னு எங்க பாஷையில சொல்றேன். அந்த 400 வோல்ட்டு கெபாசிட்டர் இருக்கே, அதுதான் ஏரி. அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஐ.சி. இருக்கும், அது மடை. செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை தொறந்து மூடும். தண்ணி டிரான்ஸ்ஃபார்மர் வழியா அந்தப் பக்கம் போயி, சின்னச் சின்னத் தொட்டியில ரொம்பும். அந்தத் தொட்டிங்கதான் 5 வோல்ட்டு, 12 வோல்ட்டுன்னு வர்ற எடத்துல நிக்கிற சின்னக் கெபாசிட்டருங்க. தொட்டி நெறைஞ்சுதா இல்லையான்னு பாத்து "போதும், போதும்"னு மடைக்குக் குரல் குடுக்க ஒரு ஆள் நிக்கறான். ஆப்டோகப்ளர்னு பேரு. நாலு காலு வச்ச கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும்.

சின்னத் தொட்டி தூர்ந்து போச்சுன்னு வச்சிக்குங்க. ரெண்டு குடம் பிடிக்கற தொட்டி ரெண்டு சொம்புதான் பிடிக்கும். மடை தொறந்த உடனே தளும்பும், எடுத்த உடனே காஞ்சு போகும். குரல் குடுக்கறவன் குழம்பிப் போயிடறான். மடை மூடுது, மறுபடி தொறக்குது, மறுபடி மூடுது. அந்த 'டிக் டிக்' சத்தம் அதுதான்.

ஃபியூஸ் நல்லா இருந்துது. 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு மட்டும் தலை உப்பி நின்னுச்சு. நல்ல கெபாசிட்டருக்குத் தலை தட்டையா இருக்கும். இது உப்பின பூரி மாதிரி இருந்துது. நோய் தெரிஞ்சு போச்சு. மருந்து வாங்க செஞ்சிக்குப் போனா, அந்தக் காலத்து ரேடியோ சாமான் கடை இப்போ செல்போன் கவர் விக்கற கடையா இருக்கு. சரி, பேத்தி பொறந்தநாளுக்குத் தியாகராய நகர்தானே போறோம், அங்க கெடைக்காததா இருக்குன்னுதான் பெட்டியைப் பையில போட்டேன்.

மறுநாள் காலையில உஸ்மான் ரோட்டுல எறங்கினேன். பனகல் பார்க் வரைக்கும் போயி, பாண்டி பஜார் பக்கம் ஒரு சுத்து சுத்தி வந்தேன். சுவரு அகலத்துக்கு டிவி வச்சிருக்காங்க. எங்க வீட்டு வாசக்கதவு வழியா உள்ள போகாது, அவ்வளவு பெரிசு. அஞ்சு கடையில கேட்டேன். பத்து ரூபா கெபாசிட்டர் ஒருத்தர்கிட்டயும் இல்ல. இல்லைங்கறதுல எனக்குக் கோவமில்லீங்க. அவங்க விக்கறது வேற. ஆனா அஞ்சு கடையிலயும் ஒரே மாதிரி சிரிச்சாங்க. ஒரு தம்பி, "இதெல்லாம் இப்ப யாரு சார் ரிப்பேர் பண்றாங்க? எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுத்துக்குங்க"ன்னு சொல்லிச்சு. நான் ஏதோ செத்துப்போன ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்த மாதிரி என்னைப் பாத்துது.

இங்கதான் எனக்குப் பொறுக்கல. கெட்டுப் போறது வேற, செத்துப் போறது வேறங்க. மாட்டுக்குக் கால் குளம்புல முள்ளு ஏறினா நொண்டும். முள்ளைப் பிடுங்குவோமா, மாட்டை அடிமாட்டுக்கு அனுப்புவோமா? உங்க வீட்டுல பெட்டி நின்னு போனா, அதுல டியூனர், பெரிய சிப்பு, ரிமோட்டு கண்ணு எல்லாம் உயிரோட இருக்கலாம். உள்ள கெபாசிட்டர் ஒண்ணு உப்பியிருக்கும், அவ்வளவுதான். அதுக்கு மொத்தப் பெட்டியையும் குப்பையில போடறீங்க.

அது எங்க போகுதுன்னு தெரியுமா? தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்குப் போகுது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கு. அந்தச் சதுப்பு நிலத்தை 2022-ல ராம்சார் தலமா அறிவிச்சிருக்காங்க, உலகமே காப்பாத்த வேண்டிய நீர்நிலைன்னு அர்த்தம். மின்னணுக் கழிவுக்குத் தனிச் சட்ட விதிகள் 2022-ல வந்து, 2023 ஏப்ரல் 1-லேர்ந்து நடைமுறையில இருக்கு. செஞ்சு வித்த கம்பெனியே கழிவுக்கும் பொறுப்புன்னு அது சொல்லுது. ஆனா நீங்க பழைய பெட்டியை அந்த வழியிலயா குடுக்கறீங்க? வாசல்ல வர்ற குப்பை வண்டியில வாழைப்பழத் தோலோட சேர்த்துத்தானே போடறீங்க? அதுல இருக்கிற ஈயமும் மத்ததும் மண்ணுக்குத்தான் போகும். எங்க வயல்ல ஒரு பாலிதீன் பை கெடந்தாக்கூட போட்டோ புடிச்சுப் போட்டு புத்தி சொல்ற ஆளுங்க நீங்க.

சரி, கதைக்கு வரேன். ஒரு டீக்கடைக்காரர் வழி சொன்னாரு. ரயில்வே லைனைத் தாண்டி மேற்கு மாம்பலம் போனேன். லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துச் சந்துல, ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒரு பெரியவர். எழுபது வயசு இருக்கும். சாலிடரிங் அயர்ன், ஒரு மீட்டர், சுத்தி பிஸ்கட் டப்பாவுல சாமானுங்க. மேலே ஒரு குண்டு பல்பு தொங்குது. பெட்டியை நேரா கரண்ட்டுல போடல அவரு, அந்தப் பல்பை நடுவுல கோத்து, அது வழியாப் போட்டாரு. உள்ள ஷார்ட் இருந்தா பல்பு பிரகாசமா எரியும், பெட்டிக்குச் சேதமில்ல. எங்க முதலாளியும் இப்படித்தான் செய்வாரு. அந்தப் பல்பைப் பாத்ததும் எனக்கு உசிரு வந்துது.

"ஐயா, அந்த உப்பினதை மாத்தணும்"னேன். "தம்பி, நீயே கண்டுபிடிச்சிட்டியா? அப்புறம் எனக்கு எதுக்குக் காசு?"ன்னு சிரிச்சாரு. பழசைக் கழட்டி என் கையில குடுத்து, "பக்கத்துல என்ன போட்டிருக்கு படி"ன்னாரு. 85 டிகிரின்னு போட்டிருந்துது. அவர் டப்பாவுலேர்ந்து எடுத்ததுல 105 டிகிரின்னு போட்டிருந்துது.

இதை நல்லா கவனிங்க. சாதாரணமா இந்த மாதிரிக் கெபாசிட்டருக்கு, அதுல போட்டிருக்கிற சூட்டுல 2000 மணி நேரம் உழைக்கும்னு செய்யறவங்க சொல்லுவாங்க. சூடு பத்து டிகிரி கொறைஞ்சா ஆயுசு ரெண்டு மடங்குன்னு தொழில்ல ஒரு பொதுக் கணக்கு உண்டு. மூடின பெட்டிக்குள்ள 65 டிகிரி சூடுன்னு வச்சிக்குங்க. 105 டிகிரி சரக்கா இருந்தா 32,000 மணி நேரம். ராத்திரி பகல் ஓடினாலும் மூணரை வருஷத்துக்கு மேல. 85 டிகிரி சரக்கா இருந்தா 8,000 மணி நேரம். 333 நாளு. பெட்டிக்கு வாரண்டி எவ்வளவு? ஒரு வருஷம். ரிமோட்டுல ஆஃப் பண்ணினாலும் பெட்டி முழுசா ஆஃப் ஆகறதில்ல, உள்ள சூடு இருந்துக்கிட்டேதான் இருக்கும். எங்க வீட்டுப் பெட்டி ரெண்டரை வருஷம் ஓடினதுக்குக் காரணம், ஊர்ல கரண்ட்டு அடிக்கடி போயி அதுக்கு ஓய்வு கெடைச்சதுதான்னு நினைக்கிறேன்.

நான் சதின்னு சொல்லல. ஆனா ரெண்டு சரக்குக்கும் விலை வித்தியாசம் சில்லறைக் காசு. லட்சக்கணக்கான பெட்டியில அந்தச் சில்லறையை மிச்சம் பிடிச்சவன் கணக்குப் போடத் தெரியாதவனா? தெரிஞ்சவன்தான். பெட்டி உழைக்கறதுல அவனுக்கு லாபமில்ல.

அந்தப் பெரியவர் அரை மணியில முடிச்சாரு. சிவப்பு லைட்டு ஆடாம அசையாம நின்னுச்சு. 150 ரூபா கேட்டாரு. 200 குடுத்தேன். சாமானெல்லாம் எங்க வாங்கறீங்கன்னு கேட்டேன். மாசத்துக்கு ஒரு தடவை அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெருவுக்குப் போவாராம். "அங்க இன்னும் எல்லாம் கெடைக்குது தம்பி. சாமான் இருக்கு, கைதான் இல்ல. எனக்கப்புறம் இந்தப் படிக்கு அடியில எவனாவது ஸ்கூட்டர் நிறுத்துவான்"னாரு.

கெளம்பும்போது, "லேக் வியூ ரோடுன்னு போட்டிருக்கே, லேக் எங்க?"ன்னு கேட்டேன். "நீ வந்த வழியெல்லாம் அதுதான்"னாரு.

உண்மைதாங்க. மாம்பலம் ஏரி, வெள்ளக்காரன் பாஷையில லாங் டேங்க். மைலாப்பூர்லேர்ந்து நுங்கம்பாக்கம் பக்கம் வரைக்கும் நீண்டு கெடந்த நீர்நிலை. 1920-கள்ல அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்க ஆரம்பிச்சாங்க. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பேரை வச்சாங்க. ஜனம் குடியிருக்க எடம் வேணும், நான் மறுக்கல. ஆனா ஏரியை வச்சிப் பொழைக்கறவன் கண்ணுக்கு அது ஒண்ணைத்தான் சொல்லுது. ஏரி தூர்ந்து போனா, ஊரு கூடி வண்டல் அள்ளி, கரையைக் கட்டி, மடையைச் சரி பண்ணுவோம். அதுக்கு எங்க பக்கத்துல குடிமராமத்துன்னு பேரு. அரசாங்கமே 2017-ல அந்தப் பேருலயே திட்டம் போட்டுது. மராமத்துங்கறது ஏழை செய்யற வேலைன்னு நாங்க நினைக்கல. வசதியுள்ளவனும் ஆளனுப்பணும், இல்ல காசு குடுக்கணும். நம்மகிட்ட இருக்கறதை நாமதான் பாத்துக்கணும்ங்கற கடமை அது. நீங்க ரிப்பேருன்னா கஞ்சத்தனம்னு நினைக்கறீங்க. அங்கதான் நமக்குள்ள சண்டை.

ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளை நியாயமா ஒரு வாதம் வச்சாரு. "மாமா, உங்க அரை நாளு, அலைச்சல், 200 ரூபா. அந்த நேரத்துல நான் ஆபீஸ்ல அதைவிட சம்பாதிப்பேன். புதுசுன்னா வாரண்டி உண்டு. எனக்குப் புதுசுதானே லாபம்?"

லாபந்தான் மாப்பிள்ளை. ஆனா ஏன் லாபம்? அரை நாள் அலைஞ்சது பெட்டி ரிப்பேர் ஆக நேரம் எடுத்ததால இல்ல. ரிப்பேருக்கு அரை மணிதான் ஆச்சு. மிச்ச நேரமெல்லாம் அந்தக் கையைத் தேடினதுக்குத்தான் போச்சு. தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருந்தா அலைச்சலே இல்ல. ஒவ்வொருத்தரும் "எனக்குப் புதுசு லாபம்"னு போனதாலதான் அவங்க கடையை மூடினாங்க. அவங்க மூடினதால இன்னைக்கு உங்களுக்குப் புதுசு லாபமாத் தெரியுது.

அதுக்கு மேல கம்பெனிக்காரங்க செய்யற வேலை. சர்க்கியூட் படம் தர மாட்டாங்க. சாமான் தனியா விக்க மாட்டாங்க. ஒரு கம்பெனிப் பெட்டியில இன்னொரு கம்பெனிக் கார்டைப் போட்டா வேலை செய்யாது. எந்தக் கம்பெனிக்கும் மாறிக்கற மாதிரி பெட்டி இருக்கணும்னு 2020 ஏப்ரல்லயே டிராய் பரிந்துரை குடுத்தது. பரிந்துரை காகிதத்துல இருக்கு. கம்பெனி மாறினா நம்ம வீட்டுப் பரண் மேல பழைய பெட்டி இருக்கு.

மத்த ஊர்ல என்ன நடக்குதுன்னும் கேளுங்க. பிரான்ஸ்ல டிவி, செல்போன், வாஷிங் மெஷின் மேல ரிப்பேர் பண்ண எவ்வளவு சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு ஒட்டணும்னு 2021-ல நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. ஐரோப்பிய யூனியன் 2024-ல ரிப்பேர் உரிமைக்குச் சட்ட ஆணை கொண்டு வந்துது. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2023-ல டிராக்டர், அறுவடை மெஷினை விவசாயியே ரிப்பேர் பண்ணிக்க வேண்டிய சாமானையும் விவரத்தையும் கம்பெனி குடுத்தே ஆகணும்னு சட்டம் போட்டாங்க. அதைக் கேட்டு நின்னவங்கள்ல என்னை மாதிரி விவசாயிங்களும் உண்டு. டிராக்டர் நடு வயல்ல நின்னா கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் பயிர் காத்திருக்குமா?

நம்ம ஊர்லயும் 2022 ஜூலையில நுகர்வோர் துறை ஒரு குழு போட்டுது. அதே வருஷம் டிசம்பர் 24-ந்தேதி ரிப்பேர் உரிமைக்கு ஒரு வலைத்தளமும் தொறந்தாங்க. விவசாயக் கருவி, செல்போன் வகை, வீட்டுச் சாமான், வண்டின்னு நாலு வகை. நல்ல ஆரம்பந்தான். ஆனா வலைத்தளம் கம்பெனியைக் கேட்டுக்கும், கட்டாயப்படுத்தாது. சட்டம் வேணும். சட்டம் கேக்க எங்க குரல் பத்தாது. நாங்க எப்பவும் ரிப்பேர் பண்ணித்தான் பொழைக்கறோம், எங்களைக் கம்பெனி கணக்குலயே வைக்காது. பெட்டியை அதிகமா வாங்கறவங்க நீங்க. நீங்க கேட்டாத்தான் அவங்க காதுல விழும்.

எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிடலாம்னு நான் சொல்லல. இடி விழுந்து பெரிய சிப்பு போயிட்டா பெட்டி போனதுதான். ஃபியூஸ் போச்சுன்னா தடிக் கம்பியைச் சுத்தி விடற மெக்கானிக்கை நானே திட்டியிருக்கேன், அது வீட்டுக்கே நெருப்பு வைக்கற வேலை. போன ஃபியூஸுக்குப் பின்னாடி ஏதோ ஷார்ட் இருக்கும், அதைத்தான் தேடணும். ஆனா போனதா இல்லையான்னு பாக்கறதுக்கு முன்னாடியே பாடை கட்டறீங்களே, அதைத்தான் கேக்கறேன்.

உங்ககிட்ட நான் கேக்கறது கொஞ்சந்தான். அடுத்த தடவை பெட்டி நின்னு போச்சுன்னா பிளக்கைப் பாருங்க. டிஷ் கேபிளைக் கழட்டிப் பாருங்க. வெளியில அடாப்டர் இருக்கிற பெட்டின்னா, அதே வோல்ட்டு, அதே ஆம்பியர், அதே முனை உள்ள வேற அடாப்டரைப் போட்டுப் பாருங்க. பாதி நோய் அங்கயே தீந்துடும். தீரலேன்னா மூடியை நீங்க தொறக்காதீங்க, உங்க பேட்டையில மாடிப்படிக்கு அடியில ஒரு ஆளு உக்காந்திருப்பாரு, அவரைத் தேடுங்க. பேரம் பேசாம கேட்ட காசைக் குடுங்க. 105 டிகிரி சரக்காப் போடச் சொல்லுங்க. பெட்டி மேல துணியைப் போட்டு மூடாதீங்க, ராத்திரியில சுவிட்சை அணைங்க. நெசமாவே செத்துப்போன பெட்டின்னா குப்பை வண்டியில போடாம, மின்னணுக் கழிவு வாங்கற எடத்துல குடுங்க.

நான் ஊருக்குத் திரும்பி நாலு நாளாச்சு. பெட்டி ஓடுது. வீட்டுக்காரி சீரியல் பாக்கறா, அந்தச் சத்தத்துலதான் இதை எழுதறேன். மாப்பிள்ளை நேத்து போன் பண்ணினாரு. அவங்க வீட்டு மிக்ஸி நின்னு போச்சாம். "மாமா, அந்தப் பெரியவர் கடை எந்தச் சந்துன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டாரு. வழி சொல்லியிருக்கேன். போனாரான்னு தெரியல. போயிருந்தா அடுத்த பதிவுல எழுதறேன்.

மல்லாட்டைக்குத் தண்ணி கட்டணும், மும்முனை கரண்ட்டு வந்துடுச்சு. வரேங்க.